இடப்பக்கம் போன நாக்கு

காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் டீச்சருக்கு வாய்தான் கரும்பலகை. இருபத்திரண்டு வருடமாக அவர் பிள்ளைகளுக்கு முன்னால் வாயைத் திறந்து காட்டித்தான் சம்பளம் வாங்குகிறார். எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே போகிறது, உதடு எப்போது ஒட்டுகிறது, காற்று எந்த வழியாக வெளியே வருகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். வாய்க்குள்ளே வெளிச்சம் போதாது என்பதால் பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச்சை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

அவர் வகுப்பில் ஒன்பது பேர். அதில் ஒருத்திக்கு ராக்கெட் என்று ஆசிரியர்கள் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளியில் மணி அடிப்பதில்லை. பாடவேளை முடிந்தால் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். விளக்கு இரண்டாவது தடவை மின்னுவதற்குள் அவள் மைதானத்தில் இருப்பாள். எட்டு வயது. கருவியைக் காதில் மாட்டினால் லாரி ஹாரனும் கதவு அறையும் சத்தமும் கேட்கும். பேச்சு மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ முனகுவது போலத்தான் எட்டும். மிச்சத்தையெல்லாம் அவள் கண்ணாலேயே பிடித்தாக வேண்டும்.

பிடிக்கவும் செய்தாள். ப வந்தது, ம வந்தது, ர கூட முக்கி முனகி வந்துவிட்டது. ள மட்டும் வரவே இல்லை. வாரத்தின் நாட்களைச் சொல்லச் சொன்னால் திங்களின் கடைசி எழுத்தையும் வியாழனின் ழ-வையும் விழுங்கிவிட்டு ஒரு மாதிரி ஓட்டிவிடுவாள். வெள்ளியில் வந்து மாட்டிக்கொள்வாள். நாக்கு மேலே வளைந்து அண்ணத்தின் நடுவில் தொடாமல், இடப்பக்கமாகச் சாய்ந்து கடைவாய்ப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். காற்று கன்னத்தோரமாக ஒழுகி, 'வெஸ்யி' என்பது போல ஏதோ வரும்.

டீச்சர் சலிக்காமல் காட்டினார். எதிரே நின்று, டார்ச்சை அடித்து, வாயை அகலமாகத் திறந்து, நாக்கை வளைத்து, "நடுவுல. நடுவுல பாரு" என்றார். ராக்கெட் கண் கொட்டாமல் பார்ப்பாள். பார்த்துவிட்டு நாக்கை அதே இடப்பக்கம் கொண்டுபோவாள். இப்படியே ஒரு வருடம் ஓடியது. நாக்கில் ஏதாவது கோளாறா என்று டாக்டரிடம் அனுப்பிப் பார்த்தார்கள். நாக்கு சுத்தமாக இருக்கிறது என்று எழுதி வந்தது. பிறகு டீச்சர் தேர்ச்சி அறிக்கையில் எழுதினார்: 'கவனம் போதாது. வீட்டில் பயிற்சி தேவை.'

அந்த அறிக்கையை வாங்கிக்கொண்டு போனது ராக்கெட்டின் அம்மா. ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். நாள் முழுக்க நீராவிக்கு நடுவில் நின்றுவிட்டு வருபவர். அன்று அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை, ஆசிரியர் அறையில் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்த டீச்சரின் வாயில் ஏதோ கல் தட்டுப்பட்டது. துப்பிப் பார்த்தால் கல் இல்லை. அவருடைய பல்லில் ஒரு துண்டு. மேல்வரிசையில் வலப்பக்கம், ஐந்தாவது பல். முப்பது வருடத்துக்கு முன்னால் அடைத்த பல் அது. அடைத்த வெள்ளி அப்படியே இருக்க, பக்கத்துச் சுவர் மட்டும் இடிந்து விழுந்திருந்தது. நாக்கு போகும்போதெல்லாம் அந்த விளிம்பு பிளேடு மாதிரி கீறியது.

அன்று சாயங்காலமே பல் டாக்டரிடம் போனார். டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நிதானமாகப் பேசுகிற பெண். கூராக நீட்டிக்கொண்டிருந்த விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தினார்.

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல டீச்சர். வேர் நல்லா இருக்கு. பழைய அடைப்பை எடுத்துட்டுப் புதுசா அடைச்சிரலாம். வெள்ளி அடைப்பு வேணுமா, பல் நிறத்துல வேணுமான்னு நீங்கதான் சொல்லணும்."

"எது நல்லது டாக்டர்?"

"ரெண்டுமே நல்லதுதான். வெள்ளி முரட்டுத்தனமா உழைக்கும். உங்களுக்கே தெரியுமே, முப்பது வருஷம் தாங்கியிருக்கு. பல் நிற அடைப்பு பல்லோடயே ஒட்டிக்கும், அதனால பல்லைக் கம்மியாக் குடைஞ்சா போதும். பாக்கவும் தெரியாது. ஆனா அடைக்கும்போது ஒரு சொட்டு எச்சில் படக்கூடாது. நேரம் பிடிக்கும், காசும் கொஞ்சம் கூட. அழுத்திக் கடிக்கிற இடத்துல சீக்கிரம் தேயவும் வாய்ப்பு இருக்கு. வீட்ல யோசிச்சுட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க."

டீச்சரின் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். எதையும் வண்டியோடு ஒப்பிடாமல் அவரால் பேச முடியாது. விஷயத்தைக் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"சைலன்சருக்கு உள்பக்கம் யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா? உள்ள இருக்கிற பல்லை யாரு எட்டிப் பாக்கப் போறா? வெள்ளியையே போட்டுட்டு வா."

டீச்சருக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அழகு பார்க்கிற பல்லும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வருவதாக டாக்டரிடம் போனில் சொல்லி, வெள்ளியே போதும் என்றும் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்காகப் பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னார். வகுப்பில் யாரை வேண்டுமானாலும் வரையலாம். மற்ற எட்டுப் பேரும் தங்களையோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களையோ வரைந்தார்கள். ராக்கெட் டீச்சரை வரைந்திருந்தாள்.

தாள் முழுக்க ஒரே முகம். முகத்தில் முக்கால்வாசி வாய். திறந்த வாய்க்குள்ளே மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தன. டீச்சர் விளையாட்டாக எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. படத்தின் வலப்பக்கம், டீச்சர் முன்பு ஒரு பல்லைப் பிடுங்கியிருந்த இடத்தில், இடைவெளி கூட விட்டிருந்தாள். இடப்பக்கமாக, ஒரு பல்லை மட்டும் கறுப்புப் பென்சிலால் அழுத்தித் தேய்த்து, சூரியனுக்குப் போடுவது போல அதைச் சுற்றிக் கதிர்கள் போட்டிருந்தாள். கொக்கி மாதிரி வளைந்த ஒரு சிவப்பு நாக்கு நேராக அந்தப் பல்லை நோக்கிப் போயிருந்தது.

டீச்சர் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பல்லைத் தொட்டுக் காட்டி, கையாலும் வாயாலும் கேட்டார். "இது என்ன?"

இது கூடத் தெரியாதா என்பது போல அவள் டீச்சரைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் சட்டைப் பையிலிருந்த டார்ச்சைத் தொட்டாள். விரல்களைக் குவித்துப் பட்டென்று விரித்தாள். மின்னுது என்று அர்த்தம். வாயைத் திறந்து தன் நாக்கை இடப்பக்கம் வளைத்துக் காட்டி, "ள" என்று சொல்ல முயன்றாள். காற்று கன்னத்தோரமாக ஒழுகியது.

டீச்சருக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை. ராக்கெட் தன் வாய்க்குள் விரலை விட்டு, அதே இடத்திலிருந்த தன் பல்லைத் தடவிக் காட்டினாள். தலையை ஆட்டினாள். இல்லை. இங்கே மின்னவில்லை. பிறகு இரண்டு கையாலும் கேட்டாள்.

"எனக்கு எப்போ முளைக்கும்?"

டீச்சர் எழுந்து கழுவும் அறைக்குப் போனார். சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மேல்பற்களின் அடிப்பக்கத்தை நேரே நிற்கிறவர்களால் பார்க்க முடியாது. பையிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்து மார்புக்கு நேராக, எட்டு வயதுப் பிள்ளையின் கண் இருக்கும் உயரத்தில் பிடித்துக்கொண்டு, நாக்கை ள-வுக்கு வளைத்து, மறுபடியும் டார்ச் அடித்தார். கண்ணாடியில் பளீரென்று ஒரு மின்னல் வெட்டியது. நாக்கு அண்ணத்தைத் தொட்ட இடம் அந்த மின்னலுக்குப் பக்கத்தில் வெறும் இருட்டாகக் கிடந்தது.

எனக்கு வலப்பக்கம், எதிரே நிற்கிறவளுக்கு இடப்பக்கம் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார். மற்ற எட்டுப் பேர் அந்த மினுக்கலைக் கண்டுகொள்ளவில்லை. ஏறக்குறைய நாக்கு போகிற பக்கத்தைப் பார்த்து ஒப்பேற்றிவிட்டார்கள். இவள் ஒருத்திதான் டார்ச் எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்று நம்பி, ஒரு வருடமாக அதையே பார்த்திருக்கிறாள். இல்லாத ஒரு பல்லை நாக்கால் தேடியிருக்கிறாள். அவளைப் பற்றித்தான் 'கவனம் போதாது' என்று எழுதியிருந்தார். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். 

மறுநாள் காலை டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததுமே சொன்னார். "வெள்ளி வேண்டாம் டாக்டர். பல் நிறத்துலயே அடைச்சிருங்க. இன்னும் ரெண்டு பல்லுல பழைய வெள்ளி இருக்கு. அதையும் எடுத்துட்டு மாத்திருங்க."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே நின்றார். "போன்ல வெள்ளின்னு சொன்னீங்களே. அந்த ரெண்டும் நல்லா இருக்கு டீச்சர். நல்லா இருக்கிறதை எடுக்கப் போனா அதோட கொஞ்சம் நல்ல பல்லும் போகும். யாராவது ஏதாவது சொன்னாங்களா? உள்ள இருக்கிற பல்லு யாருக்கும் தெரியாது."

"ஒன்பது பேர் தினமும் பாக்கறாங்க டாக்டர்."

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னார். படத்தைப் பையில் கொண்டுவந்திருந்தார். அதையும் எடுத்துக் காட்டினார். டாக்டர் அதை விளக்குக்குக் கீழே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணு என்கிட்ட வேலைக்கு வந்தா எனக்கு எக்ஸ்ரே மிஷினே வேண்டாம்" என்றார்.

பிறகு அவர் செய்தது டீச்சர் எதிர்பார்க்காதது. "எந்திரிச்சு நில்லுங்க. வகுப்புல எப்படி நிப்பீங்களோ அப்படியே நில்லுங்க" என்றார். உதவியாளர் பெண் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் டீச்சருக்கு முன்னால் தரையில் முழங்கால் போட்டு, ராக்கெட்டின் உயரத்துக்கு வந்தார். "இப்போ ள சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். தடுப்புக்கு வெளியே காத்திருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். டாக்டர் முழங்காலில் நிற்பதையும் டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை. கொஞ்சம் திரும்புங்க. சரி, போதும்." டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "இந்த ஒரு பல்லுதான் மின்னுது. மத்த ரெண்டும் கீழ்வரிசை. அவங்க உயரத்துக்குத் தெரியவே தெரியாது. அதைத் தொட வேண்டாம். உடைஞ்ச பல்லை மட்டும் பல் நிறத்துல செஞ்சிரலாம். கடிக்கிற பாரம் இதுக்கு அவ்வளவு இல்ல. தாங்கும்."

டீச்சர் ஒத்துக்கொண்டார். அடுத்து நிறம் பார்க்க வேண்டும். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு அவரை ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார். வரிசையாகப் பல் வடிவத் துண்டுகள் கோத்த ஒரு பட்டையை எடுத்து, ஒவ்வொரு துண்டாகப் பல்லோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். கடைசியில் எடுத்த துண்டைக் கைக்கண்ணாடியில் பார்த்த டீச்சருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பழைய காகிதத்தின் நிறம் அது.

"இவ்வளவு மஞ்சளாவா இருக்கு என் பல்லு?"

"எல்லாருக்கும் இந்த வயசுல இப்படித்தான்."

"கொஞ்சம் வெள்ளையாப் போடக் கூடாதா?"

"போடலாம். ஆனா பக்கத்துப் பல்லு மஞ்சளா இருக்கும்போது இது மட்டும் வெள்ளையா இருந்தா, உங்க பொண்ணு திரும்பவும் இதைத்தான் பாப்பா."

டீச்சர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "அப்போ மஞ்சளே போடுங்க."

ஊசி போட்டு, ஈறு மரத்ததும், பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் துணியைக் கட்டினார்கள். எச்சில் படாமல் இருப்பதற்காம். பழைய வெள்ளி சின்னச் சின்னத் துணுக்குகளாக வெளியே வந்தது. பிறகு பசை போன்ற ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, மேடாக இருந்த இடத்தைத் தேய்த்துவிட்டார் டாக்டர். கண்ணாடியில் எந்தப் பல்லை அடைத்தார்கள் என்று டீச்சரே தேட வேண்டியிருந்தது.

மத்தியான வகுப்புக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. வலது மேலுதடு மரத்துப்போய், யாரோ அங்கே ஒரு தலையணையை ஒட்டிவைத்தது போல இருக்க, டீச்சர் வகுப்புக்குள் போனார். எளிதானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று, பழைய பாடமான ப-வில் ஆரம்பித்தார். உதடு ஒரு பக்கம்தான் ஒட்டியது. மறுபக்கம் காற்று ஓடியது.

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சைக் கண்ணால் கேட்கிறவர்களிடம் எதையும் மறைக்க முடியாது. ஒருவன் தன் உதட்டைக் கோணலாக இழுத்துக் காட்டிக் கேட்டான், என்ன ஆச்சு என்று. டீச்சர் ஊசி போட்டதைச் சைகையில் சொன்னார். எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள்.

ராக்கெட் எழுந்து முன்னால் வந்தாள். மேசையிலிருந்த கைக்கண்ணாடியை எடுத்து டீச்சரின் கையில் கொடுத்தாள். ஒரு விரலை டீச்சரின் மரத்த உதட்டின் மேல் வைத்து, மெதுவாகக் கீழே அழுத்தி ஒட்டவைத்தாள். தன் உதட்டை ஒட்டிக் காட்டி, "ப" என்றாள். சுத்தமான, உருண்டையான ப. அதைச் சொல்லிவிட்டு, டீச்சர் எப்போதும் செய்வது போலப் புருவத்தை உயர்த்தி, இப்போ நீ, என்று காத்திருந்தாள்.

டீச்சர் முயன்றார். வரவில்லை. இன்னொரு தடவை, என்று விரலைக் காட்டினாள். நாலாவது தடவை ஏதோ ஒரு ப வந்தது. ராக்கெட் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது ஊசியால் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை ராக்கெட்டின் அம்மா வந்தார். டீச்சர் வரச் சொல்லியிருந்தார். மகள் மேல் ஏதோ புகார் என்று நினைத்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கம்மா. உக்காருங்க. பிள்ளை மேல தப்பு இல்ல. தப்பு என் மேல."

டீச்சர் படத்தை விரித்துவைத்து ஒன்றுவிடாமல் சொன்னார். டார்ச், வெள்ளி, எப்போ முளைக்கும் என்று அவள் கேட்டது, எல்லாவற்றையும். அம்மா படத்தின் பக்கம் குனிந்தார்.  படத்திலிருந்த கறுப்புப் பல்லின் மேல் அவர் விரல் போய் நின்றது.

"நீங்க எழுதிக் குடுத்தப்புறம் தினமும் வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால உக்கார வெச்சேன் டீச்சர். விளையாட விடல. ஒரு நாள் அடிச்சுப்புட்டேன். வேணும்னே செய்யறான்னு நெனச்சேன். கவனம் இல்லன்னு எழுதியிருந்துச்சே."

 மன்னிச்சிருங்கம்மா என்று டீச்சர் சொன்னார். அம்மா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"அந்தப் பேப்பரை மாத்தி எழுதிக் குடுங்க. அவ அப்பாகிட்ட நான் காட்டணும்."

அறிக்கையை ஒரு தடவை முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டால் மாற்றுவது வழக்கமில்லை. தலைமையாசிரியை முதலில் மறுத்தார். பிறகு படத்தைப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அம்மாவின் கண் முன்னாலேயே எழுதினார்: 'வகுப்பிலேயே மிகக் கூர்ந்து கவனிப்பவள். ள ஒலியில் ஏற்பட்ட பிழை ஆசிரியரால் நேர்ந்தது.' அம்மா அதை வாங்கி, மை காயும்வரை கையில் பிடித்திருந்து, கசங்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றார்.

"இன்னும் வலிக்குதா டீச்சர்?"

"இல்லம்மா. ஐஸ் தண்ணி குடிச்சா மட்டும் கூசுது."

"கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் கடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ள உடனே வந்துவிடவில்லை. ஒரு வருடம் ஒரு பக்கம் போய்ப் பழகிய நாக்கு அவ்வளவு சீக்கிரம் நடுவுக்கு வராது. டீச்சர் ஒரு குச்சியின் நுனியால் அவள் அண்ணத்தின் நடுவைத் தொட்டுக் காட்டினார். வாயைத் திறந்து டார்ச் அடித்தபோது ராக்கெட் முதல் நாள் மின்னலைத் தேடினாள். அது இல்லை என்றதும் அவள் கண் அலைந்தது. அலைந்து, கடைசியில் நாக்கின் மேல் வந்து நின்றது. அவள் கண் அங்கே போனதும் டீச்சருக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது.

மூன்றாவது வாரம், தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தடியன் குழாயை அடைத்துக்கொண்டு நகராமல் நின்றான். ராக்கெட் அவன் முகத்துக்கு நேரே போய் நின்று, "தள்ளு" என்றாள். அவனுக்கும் காது கேட்காது. ஆனாலும் அவள் நாக்கு வளைந்ததைப் பார்த்து நகர்ந்தான். நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்த டீச்சர் அதைக் காதால் கேட்டார். ஒழுகல் இல்லை, கன்னத்தில் காற்று இல்லை. ராக்கெட் தான் என்ன சொன்னோம் என்பதைக் கவனிக்கவே இல்லை. வாய் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை ழ ஆரம்பித்தார்கள். நாக்கு எங்கேயும் தொடக் கூடாது என்று டீச்சர் காட்டியதும், எங்கேயுமே தொடாமல் ஒரு எழுத்தை எப்படிச் சொல்வது என்று ராக்கெட் முகம் கோணிக் கேட்டாள். அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு இன்னும் ஏழெட்டு மாதம் பிடித்தது.